பூபாலன் பெயரைப் போட்ட வாரம்

எழிலரசிக்கு ஸ்கூட்டியும் வாயும் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. சேக்காட்டிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும் முதலில் வந்து நிற்பது அவள் வண்டிதான். 'மேற்கு வாசல்' என்று ஞாயிறுதோறும் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழுமே, அந்தப் பத்திரிகைக்கு அவள்தான் நிருபர். இருக்கிற ஒரே நிருபர். 'குறை கேட்போம்' பக்கம் முழுக்க அவளுடையது. நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டாள். பார்த்துவிட்டாலோ, சம்பந்தப்பட்டவரிடம் பதில் கேட்டு, அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெயரைப் போட்டே தீருவாள்.

போன மாதம் அதில் மாட்டியது மங்களம். சேக்காட்டில் இட்லிக் கடை வைத்திருப்பவள். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவில் ஊற்றுகிறாள் என்று படத்தோடு வந்துவிட்டது. மறுவாரமே தொட்டி கட்டிவிட்டாள், பாவம். ஆனால் எழிலரசி இட்லி வாங்கப் போனால் சும்மா விடுவதில்லை.

"இன்னாமே, என் மூஞ்சிய ஊருக்கே காட்டிட்ட. பெரிய ஆளு ஒருத்தன் கூட உன் கண்ணுல பட மாட்டானா?"

"தப்பு பண்ணா யாரா இருந்தாலும் போடுவேன்க்கா."

"போடு போடு. நானும் பாத்துகினுதான் கீறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, கள்ளிக்குப்பத்திலிருந்து புகார் வந்தது. நூற்றிருபது வீடுகள் கொண்ட அடுக்குமாடி. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் மெஷின் எட்டு மாதமாக ஓடவில்லை, எல்லாம் நேராக மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறது. எழிலரசி மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தாள். அத்தனையும் உண்மை. அந்த வீடுகளைக் கட்டி, இன்றைக்கும் பராமரிப்பவர் பூபாலன். யார் இந்தப் பூபாலன்? 'மேற்கு வாசல்' பத்திரிகையின் முதலாளியே அவர்தான். மாதாமாதம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற புண்ணியவான்.

செய்தியைப் படித்த ஆசிரியர் கலியமூர்த்தி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். ராணுவத் தளவாட ஆலையில் முப்பது வருஷம் பீரங்கிகளோடு குப்பை கொட்டி ஓய்வு பெற்ற மனிதர்தான். ஆனாலும் முதலாளி என்றால் பயம்.

"'ஒரு தனியார் கட்டுமான நிறுவனம்'னு போட்டுடலாமாம்மா? விஷயம் வந்துடும், பேரு வராது."

"மங்களம் அக்காவை 'ஒரு தனியார் இட்லி நிறுவனம்'னா சார் போட்டோம்?"

கலியமூர்த்தி செய்தியை அவள் பக்கமே தள்ளி வைத்தார்.

வழக்கப்படி பதில் கேட்க வேண்டுமே. ஆபீஸ் மாடி அறையில் இருந்த முதலாளிக்குக் கீழேயிருந்து போன் போட்டாள்.

"சார், 'மேற்கு வாசல்' நிருபர் எழிலரசி பேசறேன். உங்க கள்ளிக்குப்பம் குடியிருப்பு பத்தி ஒரு கேள்வி. மெஷின் ஏன் ஓடலை?"

பூபாலன் குரல் போனிலும் கேட்டது, மாடியிலிருந்து நேராகவும் கேட்டது.

"இன்னா, வெளாட்றியா? என் பேப்பர்ல என் பேரா? அது மட்டும் வந்துச்சுன்னா திங்கக்கெழம நீ ஆபீசுக்கே வராத."

"அதையே உங்க பதிலாப் போட்டுக்கவா சார்?"

போன் படாரென்று வைக்கப்பட்டது. பொய் சொல்வானேன், எழிலரசி பயந்துதான் போனாள். அவள் வாய்க்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? ஆனால் நாளைக்கு மங்களத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? பூபாலன் என்று முழுப் பெயரையும் தட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்த கலியமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு, செய்தி எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் சேர்த்தார்.

"அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்பட்டும். அப்புறம் பேப்பரை யாரை வெச்சுக் கொண்டு வர்றாருன்னு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வழக்கம்போல வீடு வீடாக விழுந்தது. மங்களம் அந்தப் பக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்து, சாப்பிட வந்தவர்களையெல்லாம் படிக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை இருவரும் வருவது வரட்டும் என்று ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பத்தரை மணிக்கு மாடியிலிருந்து போன்.

"எழிலு, கள்ளிக்குப்பத்துல மெக்கானிக்க எறக்கிட்டேன். நேத்துலர்ந்து எவன் போன் பண்ணாலும் அதே கேள்வி, காது பொகையுது. மெஷின் ஓடுதுன்னு இந்த வாரம் போட்டுடு. நல்லா பெருசா போடு, இன்னா?"

வேலை போகவில்லை. எழிலரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதிரே கலியமூர்த்தி சரியென்று சொல்லிவிடச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இப்ப ஓடுதா சார்?"

"ஓடும். ரெண்டு நாள்ல ஓடும்."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சு நானே போய்ப் பாத்துட்டு எழுதறேன் சார்," என்றாள் எழிலரசி.