மகனின் முதுமையாக நடித்தவர்

ஓசூரில் நாங்கள் எடுத்த குறும்படத்தில் இளம் தொழிலாளியாக நடித்த பையன், நிஜத்திலும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். படம் பாதியில் இருக்கும்போது பைக் விபத்தில் இறந்துபோனான். அந்தத் தொழிலாளி கிழவனான பிறகு வரும் காட்சிகள்தான் மீதி. அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது தளியிலிருந்து அவனுடைய அப்பா வந்தார். ஒடுங்கிய முகம், முழுக்க நரைத்த தலை. மகனின் கம்பெனிச் சட்டையைப் போட்டிருந்தார்.

"வயசானா அவன் என்னாட்டந்தான் சார் இருந்திருப்பான். நானே நடிக்கிறேன்."

என்னால் மறுக்க முடியவில்லை. மகன் நடித்த காட்சிகளை லேப்டாப்பில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். பேசுவதற்கு முன் அவன் காது மடலைத் தடவிக்கொள்வான். பார்க்கப் பார்க்க இவர் கையும் காதுக்குப் போனது.

கேமரா முன்னால் அவர் தடுமாறவேயில்லை. கடைசிக் காட்சி முடிந்ததும் காதைத் தடவியபடி என்னிடம் வந்தார்.

"சரியா வந்துச்சாண்ணே?"

அவருக்கு என் அப்பா வயது. அண்ணே என்று என்னைக் கூப்பிட்டவன் மகன்தான்.

"நல்லா வந்துச்சுங்க. சட்டைய மாத்திக்கிறீங்களா?" என்றேன்.

"எதுக்குண்ணே? இப்படியே ஷிப்டுக்குப் போயிடறேன்."

சொல்லிவிட்டு, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி வேகமாக நடந்தார். தளி பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவரை யாரென்று கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.