அசல் டேப்தான் வேண்டுமாம்

இன்று ஈப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வைபியின், அதாவது சட்டமன்ற உறுப்பினரின், உதவியாளர் தானாக வந்து எதிரே உட்கார்ந்தார். நான் ஆவணப்படம் எடுக்கப் போகும் இடமெல்லாம் என் கேமராவைக் கையால் மறைக்கிறவர்.

“அக்கா, எஸ்டேட்ல வைபி பேசினத எடுத்தீங்களே, அந்த டேப் இருக்கா?”

இருக்கிறது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்கள் எல்லாருக்கும் சொந்த வீடு தருவதாக வைபி சொன்னதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

“பென்டிரைவ்ல போட்டுத் தரேன்” என்றேன்.

“அதெல்லாம் வேணாம் லா. டேப்பையே கொடுங்க, ஆபீஸ்ல பத்திரமா இருக்கும். வேற யார்கிட்டயும் இல்லதானே?”

“தேடிப் பாக்கிறேன்” என்று எழுந்து வந்தேன். வந்ததும் மூன்று பென்டிரைவில் ஏற்றிவிட்டேன்.

அவற்றை ஒளித்துவைக்க யார் வீட்டு அரிசி டின்னில் இடம் இருக்கிறது? கமெண்டில் வேண்டாம், உள்பெட்டியில் சொல்லுங்கள். இன்று மதியத்திலிருந்து அந்த உதவியாளரும் இந்தப் பக்கத்தில் என்னைப் பின்தொடர்கிறார்.