சப்பரத்துக்குத் தோள் கொடுத்த டெய்சி

வண்டியைக் கிளப்புமுன் டெய்சி அதோடு ஒரு சண்டை போட்டாக வேண்டும். "ஏலே, நேத்து நல்லாத்தான இருந்த? இப்ப என்ன நோவு ஒனக்கு?" என்பாள். முருங்கைக்காய்க் கட்டுகளைச் சுமந்து நிற்கும் அந்தக் குட்டியானை லாரி இருமும், உறுமும், அப்புறம் வழிக்கு வரும். எரியோட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட் போகிறவரை வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடிப்பாள். அதற்கு எதற்கு ஹாரன் என்று கேட்டால், "அது பாட்டுக்குப் படுத்துக் கெடக்கு, சொல்லாமக் கொள்ளாம மேல ஏறலாமா?" என்பாள்.

மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் ஆரம்பத்தில் கேலி பேசினார்கள். இப்போது அவள் வண்டியைப் பின்னால் எடுத்தால் தாமாக ஒதுங்கிவிடுகிறார்கள். மரியாதை பாதி, பயம் பாதி.

வண்டி புருசன் ரொனால்டுவுடையது. அவன் பட்டாளத்துக்காரன். அந்த ஊரில் ஏறக்குறைய வீட்டுக்கொருவன் பட்டாளம்தான். மே மாதம் மாதா திருவிழாவுக்கென்று லீவில் வந்து வேட்டி கட்டியிருந்த அத்தனை பேரையும், எல்லையில் சண்டை, உடனே கிளம்பு என்று கூப்பிட்டுவிட்டார்கள். பறித்த காய் களத்தில் கிடந்தது. ரொனால்டு சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறினான். கிளட்ச் எது, பிரேக் எது என்று திருச்சி தாண்டும்வரை போனிலேயே பாடம் நடத்தினான். அதற்குப் பிறகு போன் ஓய்ந்துபோனது. டெய்சி அழவில்லை என்று சொன்னால் பொய். அழுதுகொண்டே வண்டி ஓட்டப் பழகினாள். லைசென்ஸ் பிற்பாடு வந்தது, அதை விடுங்கள். அடுத்த வீட்டு ரூபி முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு காட்டுக்கு மருந்தடித்தாள். ஊர் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை.

திருவிழாவும் வந்தது. மாதா சிலை வைத்த சப்பரம் தூக்க ஆண்கள் போதவில்லை. ஊர்த்தலைவர் பாஸ்கல், டெய்சிக்குச் சின்ன மாமனார் முறை, வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்களைக் கூப்பிட்டார். சப்பரம் நின்றுபோகக் கூடாதே என்ற பதற்றத்தில் மனுசன் ஒன்றை மறந்துபோனார். சப்பரத்துக்குத் தோள் கொடுத்தவர்தான் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கலாம் என்பது அங்கே பழைய வழக்கம்.

பெண்கள் நெட்டையும் குட்டையுமாக இருந்ததால் சப்பரம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. டெய்சி குட்டையானவர்கள் தோளில் துண்டைச் சுருட்டி வைத்துச் சமன் செய்தாள். பாதித் தெருவில்தான் அந்த வழக்கம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ரூபியின் காதில் சொன்னாள். ரூபி சிரித்த சிரிப்பில் மாதாவே ஒரு குலுங்கு குலுங்கினாள்.

காரணம் இருக்கிறது. ஊர்ப் பொதுக்குழாயில் தண்ணீர் திறப்பது பகல் பத்து மணிக்கு. அந்நேரம் பெண்கள் காட்டிலும் மில்லிலும் இருப்பார்கள். விடியக்காலையில் திறக்கச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கூட்டத்தில் கை தூக்கியவர்கள் எல்லாம் ஆண்கள். ஒருத்தனாவது குடம் தூக்கியிருப்பானா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம். பெண்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்ததும் பாஸ்கல் தொண்டையைச் செருமினார். "ஒக்காந்து கேளுங்க, யாரு வேணாம்னா? கை தூக்குறது மட்டும் வழக்கமில்லத்தா."

டெய்சி எழுந்தாள். "வழக்கத்தத்தான் மாமா கேக்குறோம். இந்த வருசம் சப்பரத்துக்கு யாரு தோள் குடுத்தா?"

"அது ஆவத்துக்குச் செஞ்சது."

"ஆவத்துக்குச் செமந்தாலும் கனம் ஒண்ணுதான மாமா? நீங்க முட்டி வலின்னு செமக்கல. வழக்கப்படி பாத்தா ஒங்க கையத்தான் எறக்கணும்."

ஆண்கள் பக்கமிருந்தே சிரிப்பு வெடித்தது. பாஸ்கல் சுற்றிலும் பார்த்தார், துணைக்கு ஒரு முகமும் அகப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விடியக்காலையில் தண்ணீர் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். யார் தூக்கலாம், யார் தூக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

பெண்கள் பக்கம் கைகள் எழுந்தன. சப்பரம் சுமந்ததில் டெய்சியின் வலது தோள் வீங்கிக் கிடந்தது, கை காதுக்கு மேல் ஏற மறுத்தது. அவள் இடது கையால் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளி, பாஸ்கல் எண்ணிக்கொண்டே தன் வரிசைக்கு வந்து, தன்னையும் எண்ணிக் கடந்து போகிறவரை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.