பிரெஞ்சில் எழுதிய புகார்

2007 ஜனவரி 17, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. புதுச்சேரியில் புதிதாகத் திறந்த வணிக வளாகத்தின் வாசலில், சிவப்புத் தொப்பி வைத்த காவலாளி சல்யூட் அடித்து ‘போன்ழூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். பாரிஸ் புறநகரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பழக்கதோஷத்தில், காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறீர்களா என்று பிரெஞ்சிலேயே விசாரித்தேன். அவர் நெளிந்தார். “அந்த ஒரு வார்த்தைதான் சார் சொல்லிக் குடுத்தாங்க” என்றார்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரண்டு மாதம் புதுச்சேரியின் சாரம் பகுதியில் தங்கை வீட்டில் தங்குவேன். அவளுக்கு முழங்கால் வலி என்பதால் தனியாகத்தான் போயிருந்தேன். கீழ்த்தளம் முழுவதையும் ஒரு பிரெஞ்சுத் தெருவாகக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் சுவர்கள், ஒன்பது தெருவிளக்குகள், திறக்கவே முடியாத பதினான்கு ஜன்னல்கள். அப்படி ஒரு தெருவில் நான் எங்கேயும் வாழ்ந்ததில்லை. இங்கே, பிரெஞ்சுக்காரர் தெருக்களைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பக்கத்தில் பிறந்தேன்; அங்கே ஏழாவது மாடியில், ரயில் பாதையைப் பார்த்த இரண்டு அறைகளில் இருக்கிறேன். இருந்தாலும் அந்த விளக்குகளுக்கு நடுவே, இது என்னுடையது என்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

மாடியில் ‘தமிழ் வீடு’ என்று ஒரு கடை. இடித்த ஏதோ ஒரு வீட்டின் நிலைப்படியை வாங்கி வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பக்கத்தில் குத்துவிளக்கும் ஏற்றியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. குனிந்து, நாடா அவிழ்த்து, ஷூக்களைச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். பித்தளைப் பாத்திரங்கள், பட்டுத் துணி, சாமி சிலைகள், பொம்மைகள். இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தால் ஷூக்களைக் காணோம். அப்போதுதான் கவனித்தேன்: போகிற வருகிற எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது. காலுறையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

வெட்கம் எனக்குள் கோபமாகத்தான் வரும். பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் அஞ்சலை என்று பெயர் குத்தியிருந்தது. அவரைக் கேட்டேன். “யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு கீழ கவுண்டர்ல குடுத்துட்டேங்கய்யா” என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தால் கவுண்டரில் ஆளில்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று பின்னாலேயே வந்த அஞ்சலை சொன்னதை நான் நம்பவில்லை. மேற்பார்வையாளரை வரவழைத்துப் புகார்ப் புத்தகம் கேட்டேன். பிரான்சில் வாயால் சொன்னது எதுவும் நடக்காது. தேதி, நேரம் போட்டு எழுதினால்தான் நடக்கும். எழுத உட்கார்ந்தால் என் கை தானாகப் பிரெஞ்சில்தான் ஓடும். அன்றும் இரண்டு பக்கம் ஓடியது.

மேற்பார்வையாளர் அந்த எழுத்தைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார். பிரான்ஸா சார் என்று கேட்டார். ஆமாம், பாஸ்போர்ட் இருக்கிறது, கான்சுலேட்டுக்கும் போவேன் என்றேன். உடனே அவர், ஷூவை எடுத்தவர் என்று அஞ்சலையின் துணிப்பையை வாங்கி, எல்லோருக்கும் எதிரே தலைகீழாகக் கொட்டினார். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, மடித்த துண்டு. பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சுக்குப் போன முதல் வருடம், ஒரு பெரிய கடையின் வாசலில் என் பையையும் இப்படித்தான் கொட்டினார்கள். அன்று பார்த்தவர்கள் ஆறு பேர். உருளைக்கிழங்கு ஒன்று உருண்டு ஓர் அம்மாளின் காலடியில் நின்றது. அவர் காலை நகர்த்திக்கொண்டார். அதன்பின் மூன்று வருடம் அந்தக் கடைப் பக்கம் போகாமல், எழுநூறு அடி கூடுதலாக நடந்து வேறு கடையில் வாங்கினேன். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அப்படி ஒரு கடை இருக்கும்.

டீ கிளாஸோடு கவுண்டர்காரர் வந்தார். மேசைக்கு அடியிலிருந்து என் ஷூக்களை எடுத்துக் கொடுத்தார். அஞ்சலை சாமான்களைப் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “கோயில்னு நெனச்சிட்டீங்களா பெரியவரே? இங்க சாமிக்கே வெலச்சீட்டு கட்டித் தொங்க விட்டிருக்குது.” இரண்டு பேர் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நான் நாடா கட்டிக்கொண்டிருந்தேன். எழுதிய புகாரை ரத்து செய்ய வேண்டும் என்பது வாசலைத் தாண்டுமுன்பே நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால் அந்தப் பதினான்கு பேர் இருப்பார்கள். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். அஞ்சலை இல்லை. மேலாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். “உங்க புகாரைப் படிக்க இங்க ஆள் இல்ல சார். ஓனருக்கு அனுப்பியிருக்கோம். பதில் வர்ற வரைக்கும் அந்தம்மாவ நிறுத்தி வெச்சிருக்கோம்” என்றார். தப்பு என்னுடையதுதான், அந்த அம்மாள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று தமிழில் எழுதி, சாரம் முகவரி போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “லோக்கல் அட்ரஸ் வேணாம் சார். அந்த பிரான்ஸ் அட்ரஸ் போட்டு, பிரெஞ்சுலயே எழுதிக் குடுங்க. அப்பத்தான் ஓனர் ஒத்துக்குவாரு.”

எழுதிக் கொடுத்தேன். பதினோரு வரி. சாரத்துக் கிழவன் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பாது. வெளிநாட்டுக்காரனாகத்தான் அவருக்குக் கெடுதல் செய்தேன். அதைத் துடைப்பதற்கும் வெளிநாட்டுக்காரனாகத்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, ஐந்து நாள் கூலியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, மேலாளரிடம் வாங்கிய விலாசத்துக்கு, அரியாங்குப்பத்துக்குப் போனேன். அஞ்சலை கதவருகே நின்றபடி உறையைப் பிரித்து எண்ணினார். எண்பது ரூபாயைத் தனியே எடுத்து நீட்டினார். “நாலு நாளுதாங்கய்யா நின்னேன். நேத்துலேருந்து போறேன்.” மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “எப்ப ஊருக்குப் போறீங்க?” என்று கேட்டார்.

பிரான்சில் என் கீழ்மாடிக்காரரும் இதே கேள்வியைத்தான் கேட்பார். அவரிடம் டிசம்பரில் என்று சொல்வேன். அஞ்சலையிடம், இதுதான் என் ஊர் என்று சொல்ல வாய் வரவில்லை. பிப்ரவரி இருபது என்றேன்.

அவருக்கு முந்நூற்று இருபது, இரண்டு நாள் ஆட்டோவுக்கு நூற்றைம்பது. மொத்தச் செலவு நானூற்று எழுபது ரூபாய்.