தம்பி தின்ற முட்டை

என் தம்பிக்குத் தினமும் ஒரு முழு முட்டை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் குழம்பில் கிடந்தால். நான் பொறாமைக்காரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயசு, விவரம் தெரியாத வயசு என்றெல்லாம் எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம். எட்டாம் வகுப்புப் படித்தேன், எல்லா விவரமும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், தம்பிக்கு ஐந்து வயசானபோது, மூத்திரத்தில் புரதம் ஒழுகுகிற வியாதி வந்தது. ஒரு நாள் காலையில் இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பிய டாக்டர், அம்மா கையில் மாத்திரையோடு ஒரு கண்ணாடிக் குழாயையும் கொடுத்தார். தினமும் காலை முதல் மூத்திரத்தை அதில் பிடித்து நெருப்பில் காட்ட வேண்டும். தெளிவாக இருந்தால் நோட்டில் சைபர். வெந்த முட்டை மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் பிளஸ். மூன்று நாள் தொடர்ந்து பிளஸ் வந்தால் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். விடிந்தும் விடியாமலும் ஆபீஸ் பஸ் தெருமுனையில் வந்து ஆரன் அடிக்கும். அப்பா விளாத்திகுளத்திலிருந்து வத்தல் லோடு லாரி ஓட்டியவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆக, குழாய் என் தலையில் விழுந்தது. அவன் மூத்திரத்தை மெழுகுவர்த்தியில் காய்ச்சி, குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் நான் தலை பின்ன வேண்டும்.

மாத்திரையில் அவன் கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பிவிட்டன. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கிள்ளி முத்தம் கொடுத்தார்கள். உப்பில்லாத சோற்றுக்கு அவன் முகத்தைச் சுளித்தால் போதும், அப்பா கடம்பூரில் இறங்கிப் போளி வாங்கி வருவார். எனக்குப் போளி சுற்றிய எண்ணெய்த் தாள். அதையும் நான் நக்கியிருக்கிறேன், என்ன செய்ய!

ஆனாலும் குழாய் வெள்ளையாகிற நாளில்தான் எனக்கு வயிறு உண்மையாக எரியும். நேற்று அவன் தின்ற முட்டைதான் அப்படியே வெளியே வருகிறது என்று நம்பினேன். பாவி மட்டை, தங்காத உடம்புக்கு எதற்கு முட்டை? எனக்குக் கொடுத்திருந்தால் தங்கியிருக்குமே!

பிற்பாடு லேப் டெக்னீஷியன் படிக்கப் போனபோதுதான் நான் எவ்வளவு பெரிய மடச்சி என்று தெரிந்தது. தின்ற முட்டை முட்டையாக எங்கேயும் போவதில்லை. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாக அறுத்துப்போடுகின்றன. ரத்தம் அவற்றை முதலில் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. கல்லீரல் அவற்றை வேறு வரிசையில் கோத்து ஆல்புமின் என்ற புதுப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். தம்பியின் சிறுநீரகச் சல்லடையில் கண் பெரிதாகி அந்த ஆல்புமின் ஒழுகியது. பிடிக்க ஆளில்லாத தண்ணீர் சதைக்குள் இறங்கி அவனை ஊத வைத்தது. கல்லீரல் விடாமல் கோத்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டில் வந்தது போதாமல் போனால் அவன் கை கால் சதையே உடைந்து, அமினோ அமிலமாகி, அதற்குத் தீனியாகப் போகும். முட்டை என்று நினைத்து நான் கரித்துக் கொட்டியது அவன் உடம்பைத்தான்.

எட்டாம் வகுப்புப் படித்த அந்த வருடம் அறிவியலில் நான்தான் முதல் மார்க். வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழாவில் பரிசு. அம்மா அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். அதுவரை என் பள்ளிக்கூட வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கள்கிழமை குழாய் வெள்ளையாகத் திரிந்தது.

"ஏலே, ஒனக்கு வேற நாளே கெடைக்கலியா?" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் பக்கத்தில் குத்தவைத்துக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் பிளஸ் என்றால் வியாழக்கிழமை அம்மா அவனோடு திருநெல்வேலியில் இருப்பாள். நான் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு மேடைக்கு ஒற்றையாகப் போவேன். எப்போதும் அவனுக்கே அம்மாவா? நோட்டில் சைபர் போட்டேன். செவ்வாயும் சைபர், புதனும் சைபர்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இவனுக்கு மொகம் அதைச்சு வீங்குனாப்ல இல்ல? கொழாய்ல என்ன வந்துச்சு?"

"சைபர்தாம்மா. நோட்டப் பாரு."

பார்த்தாள். நம்பினாள்.

வெள்ளிக்கிழமை என் பெயரைக் கூப்பிட்டபோது மேடையிலிருந்து அம்மாவைத் தேடினேன். நான்காவது வரிசையில், தம்பியை மடியில் வைத்திருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, குழி விழுந்தது விழுந்தபடியே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூனிஃபார்மோடும் பரிசு டிபன் பாக்ஸோடும் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே பஸ் ஏறினாள். அவன் வயிற்றில் கோத்த நீரில் சீழ் பிடித்திருந்தது. பிழைப்பானா என்று அம்மா கேட்டாள். டாக்டர் நோட்டைப் புரட்டி, யார் பார்த்தது என்று கேட்டார்.

"எம்மவதான் சார் பாக்கா. நல்லாப் படிக்க பிள்ள, பொய் எழுத மாட்டா. கொழாய்தான் சரியில்லையோ என்னவோ."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புதுக் குழாய் எழுதிக் கொடுத்தார், இனி முதல் பிளஸுக்கே வந்துவிட வேண்டும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் கை அவன் நெற்றியை விட்டு எடுபடாமல் இருந்ததைப் பார்த்து அந்த நேரத்திலும் எனக்குப் பொசுபொசுவென்று வந்தது. அப்படிப்பட்ட ஜென்மம்.

மூன்று வாரத்தில் பிழைத்து வந்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் குழாய் மறுபடியும் திரிந்தது. நான் நோட்டை எடுப்பதற்குள் அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"யக்கா, அன்னைக்கு மாதிரி சைபர் போட்டுரு. அங்கன போனா ஊசி போடுவாவ. நீதான எம்மேல பாசமா அனுப்பாம வச்சிருந்த."

அத்தனை நாளும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். "பாசமுமில்ல, ஒரு மண்ணுமில்லலே" என்றேன். தெருமுனையில் ஆபீஸ் பஸ் ஆரன் அடித்தது. குழாயைக் கையில் பிடித்தபடி செருப்பில்லாமல் ஓடி, பஸ்ஸின் பக்கவாட்டில் அடித்து அம்மாவை இறக்கினேன்.

திருநெல்வேலி பஸ் கிளம்பும்போது அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கத்தினான். "நீ கெட்ட அக்கா! எனக்கு நீ வேண்டாம் போ!"

அம்மா அவன் வாயைப் பொத்தினாள். "அக்காவ அப்படிச் சொல்லாதலே, அவ இல்லன்னா இன்னைக்கு நீ இல்ல" என்றாள்.