தொடாதீங்க, அது செருப்பு!

மியூசியத்தில் ஹால் காவல் என்றால் நாள் முழுக்க ‘தொடாதீங்க’ சொல்லி ஊர்ப் பொல்லாப்பைக் கட்டிக்கொள்ளும் உத்தியோகம். ரேஷன் கடையிலும் பேங்க் கவுன்டரிலும் உட்கார்ந்து ‘கிடையாது’ சொல்லியே திட்டு வாங்கிய சகபாவிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தொண்ணூறுகளில், டெல்லியில் ஒரு மியூசியத்தில் நான் தற்காலிக ஆள். மே மாதம், புதிதாக வாங்கிய படங்களையும் சிலைகளையும் ஒரு ஹாலில் வைத்தார்கள். ‘வம்பில்லாமல் முடிந்தால் உன் வேலை பர்மனென்ட். இல்லாவிட்டால் ஊருக்கு ரயிலேறு’ என்றார் டைரக்டர்.

காற்று வரும் திசை

கட்டடத்திலேயே அந்த ஹாலுக்கு மட்டும்தான் ஏசி. சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி வாங்கிய பைகளோடு வந்த ஒரு நம்மூர்க்காரர், மூன்று நீலக் கோடு போட்ட படத்தின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடடா, ஒரு ரசிகர் கிடைத்தாரே என்று பூரித்துப்போய், “பிடிச்சிருக்கா சார்?” என்றேன்.

“காத்து இங்கதான் நேரா வருது. அந்தப் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினா இன்னும் நல்லா வரும்.”

அம்மன் முன்னால்

புது வரவில் ஒரு வெண்கல அம்மன் உண்டு. நம்மூர் ஜனங்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பிலிருந்து வந்த ஒரு அக்கா, வாசலிலிருந்தே அம்மனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். ஏன் என்று ஒரு ஜீவன் கேட்கவேண்டுமே! கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்பு மலை. “அக்கா, இது கோயில் இல்லை, மியூசியம்” என்று கெஞ்சினேன்.

“அது உனக்குத் தெரியும் தம்பி. அவளுக்குத் தெரியுமா?”

கயிறு கட்டிய பிறகு

அந்த நேரம் பார்த்துப் பெரிய கலை விமர்சகர் ஒருவர் வருகிறார் என்று தகவல். ஓடிவந்த டைரக்டர், எல்லாரும் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்துத் தன் பளபளக்கும் கறுப்பு ஷூவையும் கழற்றிவிட்டார். பெரிய மனுஷர் தடுக்கி விழுந்தால் என் வேலை போச்சே என்று, நான் பித்தளைக் கம்பங்களை இழுத்துவந்து செருப்பைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினேன். வந்தவர் கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண் கலங்கியது. “அச்சா! பாமர ஜனங்களோட மொத்த வாழ்க்கையும் இதிலே இருக்கு. இதுவும் புது வரவா?” என்றார். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் டைரக்டரே வாயைத் திறந்தார்.

“ஆமாம் சார். ரொம்பக் கஷ்டப்பட்டு வாங்கினோம்.”

மிச்சமிருந்த ஜோடி

விமர்சகர் நகரவே இல்லை. செருப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவரவர் செருப்பையே ‘தொடாதீங்க’ என்று தடுக்கவேண்டிய தலையெழுத்து எனக்கு! வெளியே படிக்கட்டு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. உதை நிச்சயம் என்று நினைத்தேன். கேம்ப் அக்கா மட்டும் கயிற்றுக்கடியில் குனிந்து போய், தன் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினாள். என் பர்மனென்ட் அவள் பின்னாலேயே போவது போலிருந்தது. ஆனால் விமர்சகரோ, “வாஹ்! மக்களே பங்கெடுக்கும் கலை!” என்று கை தட்டினார். உடனே எல்லாரும் புகுந்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் டைரக்டரின் ஷூ மட்டும் நின்றது. “அதிகாரத்தின் தனிமை! இதைக் கண்ணாடிப் பெட்டியில் நிரந்தரமாக வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார் மனுஷர். டைரக்டர் என்னை ஓரமாக அழைத்தார்.

“பையா, உன் செருப்பு என்ன சைஸ்?”

அந்த ஹாலில் முதலில் பர்மனென்ட் ஆனது டைரக்டரின் ஷூ. அதை யாரும், முக்கியமாக டைரக்டர், தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அடுத்தபடியாக என்னையும் ஆக்கினார்கள்.