உதவியாளர் என்று நான் எழுதிய கடிதம்

2012ஆம் ஆண்டு, கோடை தொடங்கும் நேரம். பாரிஸ் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறையில் இருந்து நான் ஒரு பொய் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாமல் எழுதினேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த சம்பளம் பாதியாகக் குறைந்தது. எழுபதைத் தாண்டிவிட்டேன். இனி இதை மறைத்து என்ன காணப்போகிறேன்? நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். பிரான்சுக்கு வந்தபின் உணவக அடுப்படிகளில் காலம் போனது. உடம்பு ஏலாமல் போனதும் இந்த மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறுகளில் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்புத் தொடங்கினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பிரெஞ்சு, வீட்டிலும் பிரெஞ்சு. லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் மச்சான்மாரோடு கதைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். மாதக் கட்டணம் வாங்கினேன். வெளியில் சொல்லும்போது மட்டும் ‘சேவை’ என்று சொல்வேன்.

2009 இல் அந்தப் பெண் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். மன்னாரில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். சென் தெனி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துப் பட்டம் எடுத்திருந்தார். கிழமை நாட்களில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. சனி ஞாயிறுகளில் என்னிடம் எட்டு மணிநேரம். நான் அவரைச் சம்பளத்துக்கு வைக்கவில்லை. ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினேன், ஒரு கேடயமும் கொடுத்தேன். எங்கள் ஆட்களிடையே அது பெரிய கௌரவம். கைதட்டும் பெற்றோரும் அதைக் கூலியாகவே எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது பொன்னாடையின்போது அவர் மேடையிலேயே என் காதுக்குள் சொன்னார்:

“மாஸ்டர், இன்னும் ரெண்டு போர்த்தினியள் எண்டா நான் ஒரு புடவைக் கடை போட்டிடுவன்.”

நானும் சிரித்தேன். அது பகிடி மட்டுமல்ல என்று விளங்கிக்கொண்டும் சிரித்தேன்.

அவர் படிப்பித்த விதம் எனக்குத் தெரியாத விதம். நான் வினைச்சொற்களைப் பாடமாக்க வைப்பவன். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போவார். லண்டன் ரயிலுக்குக் காத்து நிற்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வரவேண்டும். முதல் நாள் நான் பயந்துபோய்ப் பின்னால் போனேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் நாய்க்கு என்ன வருத்தம் என்று ஒரு சிறுமிக்குப் பத்து நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். சிறுமி தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தாள். பதினொரு பிள்ளைகளோடு இருந்த வகுப்பு மூன்று வருடத்தில் நாற்பதானது அவரால்தான். அது எனக்குத் தெரியும். கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

பிறகு ஒருநாள் வந்து, சீனாவில் ஒரு கடலோர நகரத்துத் தனியார் பள்ளிக்கூடம் தன்னை ஆங்கில ஆசிரியராக எடுக்க விரும்புகிறது என்றார். வீடியோவில் நேர்முகம் முடிந்துவிட்டது. பட்டச் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ் எல்லாம் தயார். இரண்டு வருடமாவது படிப்பித்த அனுபவம் இருக்கிறதென்று ஒரு கடிதம் மட்டும் வேண்டும்.

“ஏலுமெண்டா பிஷ் து பேயும் தாங்கோ மாஸ்டர். சும்மா ஒரு ஆதாரத்துக்கு.”

பிஷ் து பே என்றால் இங்கே மாதா மாதம் முதலாளி தரும் சம்பளச் சீட்டு. என்னிடம் ஏது? ‘மூன்று வருடம், கிழமைக்கு எட்டு மணிநேரம், ஆசிரியர்’ என்று எழுதினால், அதற்குரிய சம்பளம் எங்கே, சமூகக் காப்புப் பணம் எங்கே என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். இது முதல் காரணம். அவர் போய்விட்டால் வகுப்பு விழுந்துவிடும் என்பது இரண்டாவது. எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

‘எங்கள் கலாசார நிகழ்வுகளில் உதவியாளராக ஆர்வத்துடன் தொண்டாற்றினார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நல்ல இங்கிலிஷ், மாஸ்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்தின் பதில் பத்து நாளில் வந்தது. படிப்பித்த அனுபவம் இல்லாதபடியால் ஆசிரியர் இடம் தரமுடியாது. துணை ஆசிரியராக வரலாம். சம்பளம் பாதி. தங்க வீடும் இல்லை, விமானச் சீட்டும் இல்லை. சம்மதமா என்று இரண்டு கிழமைக்குள் சொல்லவேண்டும். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமையும் வழமைபோல வந்து, வழமைபோலப் படிப்பித்துவிட்டுப் போனார். எனக்குச் சொன்னது அவருடைய தகப்பன்.

அவர் பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்ற பகுதியில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அன்று பின்னேரம் நான் கீழே கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடத்தின் பதிலைச் சொன்னார்.

“மாஸ்டர், ஒரு சின்னச் சந்தேகம். மூண்டு வரியமா என்ரை மகள் இஞ்சை உதவியாளரோ?”

நான் கையிலிருந்த முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“அப்ப பிள்ளையளுக்குப் படிப்பிச்சது ஆர்? இந்தக் கடைக்கார அண்ணையோ?”

கடைக்காரர் கல்லாவில் இருந்தபடி, “ஐயோ, என்னை விடுங்கோ. எனக்கு விலை சொல்ல மட்டுந்தான் இங்கிலிஷ் வரும்” என்றார். நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். தகப்பன் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“நான் எட்டு வரியம் நுவாரிலை கோப்பை கழுவினனான். அந்த எட்டு வரியத்துக்கும் இண்டைக்கு என்னட்டை ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பென்சன் கணக்கிலை அந்த எட்டு வரியமும் நான் உயிரோடையே இல்லை. அது எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரன் செய்தது. என்ரை பிள்ளைக்கு நீங்கள் செய்யிறியள்.”

நுவார் என்றால் பதிவில்லாத வேலை. எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லித் தரத் தேவையில்லை. வந்த புதிதில் நானும் அப்படித்தான் ஓர் அடுப்படியில் நின்றேன். வதிவிட அட்டை புதுப்பிக்கச் சம்பளச் சீட்டு வேண்டுமென்று முதலாளியிடம் மூன்று தரம் கெஞ்சினேன். “மூன்று நேரமும் உனக்குச் சாப்பாடு போட்டேனே, அதற்குமேல் என்ன?” என்று கேட்டான். அவனை நான் செத்தாலும் மன்னிக்கமாட்டேன் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சாப்பாட்டுக்குப் பதிலாக நான் பொன்னாடை போட்டிருக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான். முருங்கைக்காயை வைத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஒரு கணக்காளரிடம் போனேன். புதுச்சேரிக்காரர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

“மெஸ்யூ, உங்கள யாரும் கேக்கலியே. நீங்களா போய் ஏன் மாட்டிக்கிறீங்க?”

“கேட்டால்தான் எழுதவேண்டும் என்றிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்” என்றேன்.

மூன்று வருடச் சம்பளத்தையும் பின்தேதிக்குக் கணக்கிட்டு, காப்புப் பணத்தையும் தாமதக் கட்டணத்தையும் கட்டி, சீட்டுகள் எழுத வழி இருந்தது. கனடாவில் தம்பியைப் போய்ப் பார்க்கவென்று சேர்த்த காசு அதோடு முடிந்தது. தம்பி ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

சீட்டுகள் கைக்கு வந்த நாளே அவரை மேல்மாடிக்கு வரச் சொன்னேன். கெடு முடிய நான்கு நாள் இருந்தது. புதுக் கடிதம் ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். அதன் முதல் வரி: ‘நான் முன்பு எழுதிய கடிதம் உண்மையன்று. தவறு என்னுடையது, இவருடையதன்று.’ அதற்குக் கீழே எத்தனை மணிநேரம், எத்தனை பிள்ளைகள், ரயில் நிலையத்துப் பாடம் எல்லாம் எழுதியிருந்தேன். சனிக்கிழமை எங்கள் வகுப்பை நேரடியாக வீடியோவில் வந்து பாருங்கள் என்றும் கேட்டிருந்தேன்.

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“எனக்குப் பிறகு வாற ஆளுக்கும் இது எழுதுவியளோ, மாஸ்டர்?”

“ஓம் பிள்ளை.”

“முதல் மாசத்திலை இருந்து?”

“முதல் மாசத்திலை இருந்து.”

“அப்ப சரி. அனுப்புங்கோ.”

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி. சீனாவில் அப்போது இரவு எட்டு. மடிக்கணினித் திரையில் அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர் அம்மா வந்தார். சிரிக்காத முகம். நான் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு இருந்தேன். அந்தப் பெண் புத்தகப் பாடம் ஒன்றும் எடுக்கவில்லை. “திரையில் இருக்கும் இவரை லண்டன் ரயிலுக்குக் காத்து நிற்கிறவர் என்று நினையுங்கள். ஆளுக்கு மூன்று கேள்வி” என்று பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். மீன் என்றார் அதிபர். முள்ளோடா, முள்ளில்லாமலா என்றாள் மற்றவள். உங்களுக்கு மாணவர்களிடம் பயமா, மாணவர்களுக்கு உங்களிடம் பயமா என்று ஒருவன் கேட்டான். அதிபர் அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிழையாகக் கேட்ட கேள்வியை இவர் திருத்தவில்லை. அதே கேள்வியைத் தானும் ஒருமுறை சரியாகக் கேட்டார். அடுத்த பிள்ளை சரியாகக் கேட்டது. மூன்று வருடமாக என் வகுப்பில் நடந்ததை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

பிள்ளைகள் போனபின் சம்பளப் பேச்சு. ஆசிரியர் இடம் தருகிறோம் என்றார் அதிபர். ஆனால் ஆங்கிலம் பேசும் நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஒரு சம்பளம், மற்றவர்களுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அது பள்ளிக்கூடத்தின் வழக்கமாம்.

நான் அறையை விட்டுப் போக எழும்பினேன். அந்தப் பெண் என்னை இருக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

“இப்போது நீங்கள் பார்த்த பாடத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள், அதற்குக் குறையுங்கள்” என்றார் ஆங்கிலத்தில், மிக அமைதியாக. “என் பாஸ்போர்ட் பாடம் நடத்தவில்லை.”

திரையில் அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் ஒப்பந்தம் வந்தது. ஆங்கிலம் பேசும் நாட்டு ஆசிரியர்களுக்குள்ள அதே சம்பளம். தங்க வீடு. கிழமைக்கு எத்தனை மணிநேரம் என்று எழுத்தில். விமானச் சீட்டு போவதற்கு மட்டும். திரும்பி வருவதற்கும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. தகப்பன் கடைக்கு வந்து என்னைக் கண்டதும் சொன்னார்: “மாஸ்டர், இப்பதான் உங்களைப் பாக்க வாத்தியார் மாதிரிக் கிடக்கு.” அதில் பாதி குத்தல், பாதி அன்பு. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

என் வகுப்புக்குச் சேதம் வந்தது. அடுத்து வந்த ஆசிரியைக்குச் சம்பளச் சீட்டு எழுதக் கட்டணத்தைக் கூட்டவேண்டியிருந்தது. பதினேழு பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றார்கள். “மற்ற இடங்களிலை சேவையாச் செய்யினம்” என்று ஒரு தாய் சொல்லிவிட்டுப் போனார். சிலர் பிறகு திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை.

மன்னித்தேன் என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் செய்திகள் வரும். அங்கே பாதிப் பாடத்தை நடத்தும் சீன இளம்பெண்கள் துணை ஆசிரியர் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு இருந்தார்களாம். இரண்டாம் வருடம் இவர் அதிபரோடு வாதாடி, அவர்களில் மூவரை ஆசிரியர் பட்டியலில் சேர்க்கவைத்தார். இங்கிருந்து சீனாவுக்குப் படிப்பிக்கப் போகிறவர்கள் இப்போது ஒப்பந்தத்தை முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறார்கள். சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றித் தருகிறோம் என்றால் போகாதே. மணிநேரம் எழுதாத தாளில் கையெழுத்து வைக்காதே என்று பதில் வரும். லா சப்பலில் இதைப் பற்றிக் கதை வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பேன். அந்தப் பெருமையில் எனக்கு உரிமை குறைவு என்று தெரிந்தும்.

2018 இல் அந்த அதிபர் அம்மா ஐரோப்பாவைப் பார்க்க வந்தபோது, இவர் அவரை லா சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படி ஏறி, வகுப்பு நடந்துகொண்டிருந்த அறைக்குள் வந்து, என்னைக் காட்டிச் சொன்னார்: “நான் முதன்முதலில் ஆசிரியராக வேலை செய்த இடம் இதுதான். இவர்தான் அப்போது என் முதலாளி.” ஒருவர் செய்த வேலையை வேலை என்று எழுதிக் கொடுக்க ஒரு தாளும் கொஞ்சம் துணிவும் போதும் என்று, இத்தனை வருடம் படிப்பித்தும் எனக்குத் தெரியாமல் இருந்ததே என்று நினைத்து, அந்த அம்மா நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என் ஆசிரியைக்குச் சீட்டில் கையெழுத்து வைக்கும்போது இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.